கூலியும் கொந்தராத்தும்: தனித்தொழில் செய்வோர் அறியவேண்டிய சட்டநெறிகள்

வன்னிப் பெருநிலப்பரப்பிலே உழைத்து வாழ்வோர் பல திறத்தினர். குளத்து நீரை நம்பி வயல் செய்வோர் ஒரு சாரார். மாதச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரோடும் சேராது, ஒரு வேலையைப் பொறுப்பேற்று முடித்துக் கொடுத்து, அதற்குரிய பணத்தைப் பெற்று வாழ்வோர் மூன்றாஞ் சாரார். மேசன், தச்சர், மின்னிணைப்பு வேலை செய்வோர், கிணறு வெட்டுவோர், உழவு இயந்திரம் வைத்திருப்போர், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்து பிறநாட்டாரிடம் ஊதியம் பெறும் இளைஞர் ஆகிய யாவரும் இவ்வினத்தர். கிளிநொச்சியிலாயினும் முல்லைத்தீவிலாயினும் வவுனியாவிலாயினும், கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணவருட் பலர் சென்று சேரும் இடம் இதுவே. அவர்களுக்குத் தொழில் தெரியும். தொழிலாற் பெறும் பொருளைக் காக்கும் சட்டம் தெரிவதில்லை. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

நாம் சட்டத்தரணிகள் அல்லோம், தமிழ் கற்பிப்போம். எனினும் சொற்பொருள் ஆராய்தல் நமது தொழில். தனித்தொழிலாளர் வழக்குகள் பலவும் இரு சொற்களின் பொருள் வேறுபாட்டிலேயே தொடங்குகின்றன.

இரு சொற்கள்

கூலி என்பது பழந்தமிழ்ச் சொல். கொந்தராத்து என்பது ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்த சொல். "நாட்கூலிக்கு வாரும்" என்றால் வேலை கொடுப்பவர் விலைக்கு வாங்குவது உழைப்பை. "கொந்தராத்தாகச் செய்து தாரும்" என்றால் அவர் விலைக்கு வாங்குவது முடிந்த வேலையை. இலங்கையில் ஒப்பந்த விடயங்களுக்குப் பொதுச்சட்டமாக நிற்கும் உரோமன் டச்சுச் சட்டமும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே வகுத்துள்ளது. நம் ஊர்ப் பேச்சும் உரோமரின் சட்டமும் இவ்விடத்தில் ஒன்றுபடுதல் காண்க.

இவ்வேறுபாட்டினால் வரும் பயன் யாது? ஊழியருக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிய, முதலாளி 12 பங்கு இடல்வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்கு முதலாளி மேலும் 3 பங்கு செலுத்தல்வேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாத வேலைத்தலத்தில் ஐந்தாண்டு நிறைந்தவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் பணிக்கொடை வழங்குகின்றது. கொந்தராத்துக்காரருக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. அவர் முதுமைக்கு அவரே பொறுப்பு.

ஆதலின், உண்மையில் ஊழியராயிருப்பவரைக் காகிதத்தில் மட்டும் கொந்தராத்துக்காரர் எனக் காட்டும் வழக்கமும் உலகில் உண்டு. ஆயினும் நீதிமன்றம் பெயரை நோக்காது, நிலையை நோக்கும். வேலையை எப்போது, எவ்வாறு செய்தல் வேண்டுமென்று ஆணையிடுபவர் யார்? கருவிகள் யாருடையவை? இலாப நட்டம் யாரைச் சாரும்? தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் உரிமை அவருக்கு உண்டா? இவ்வினாக்களுக்கு வரும் விடைகளை ஒருங்கே வைத்து நோக்கியே முடிபு கூறப்படும். 2021ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம், ஊபர் நிறுவனத்தின் வாடகைக்கார் ஓட்டுநர்களை அந்நிறுவனத்தின் தொழிலாளர் என்றே தீர்த்தது. அவர்கள் சுயாதீனர் என்று எழுதிய பத்திரம் நிறுவனத்துக்குத் துணை நிற்கவில்லை. நமது நாட்டில் 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும், தாமே நேரில் வேலை செய்து கொடுக்க உடன்பட்டவரையும் தொழிலாளர் என்னும் வரைவிலக்கணத்துள் அடக்குகின்றது. கையொப்பமிட்ட காகிதம் ஒன்றைக் கண்டு உரிமை முற்றும் அழிந்ததென நம்மவர் மயங்கவேண்டுவதில்லை.

வாய்ச்சொல்லின் ஆயுள்

காணி விற்பனைக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடித்தல் வேண்டும். வேலை ஒப்பந்தத்துக்கு அந்நியதி இல்லை, வாய்ச்சொல்லே ஒப்பந்தமாகும். இதனைக் கேட்டு மகிழ்வோர் அடுத்து வருவதையும் கேட்டல்வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வழக்குத் தொடுப்பதற்குரிய காலத்தை வரையறுத்துள்ளது. எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறாண்டு. எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு மூன்றாண்டு. செய்து கொடுத்த வேலைக்கும் உழைப்புக்கும் உரிய கடனுக்கோ ஓராண்டே! பணம் வரவேண்டிய நாளிலிருந்து அவ்வோராண்டு கடந்தபின், உண்மை முழுவதும் மேசன் பக்கம் இருப்பினும், வழக்கு நிலைப்பது அரிது.

நம் நாட்டு வழக்கம் யாது? "நெல்லு வெட்டினவுடன் தாறன்" என்பர். பின்னர் "அடுத்த போகம் பார்ப்பம்" என்பர். உறவும் அயலும் கருதி வேலை செய்தவர் பொறுத்திருப்பார். இரண்டு போகம் கழிவதற்குள் சட்டம் தந்த ஓராண்டும் கழிந்துவிடும். இத்தகைய தவணைச் சொல் வாய்ச்சொல்லாய் இருக்குமளவும் காலத்தை நிறுத்தாது. கடன் உண்டு என்று கையொப்பமிட்ட ஒரு துண்டு எழுத்துப் பெற்றால், அல்லது ஒரு பகுதிப் பணம் பெற்று அதற்குச் சான்று வைத்தால், காலம் புதிதாகத் தொடங்கும். நான்கு வரி எழுத்தின் வலிமை அத்துணை.

போருக்குப் பின்னர் நம் பகுதியில் வீடுகள் எழுந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். இந்திய அரசின் நன்கொடை வீட்டுத்திட்டத்தின் பெரும்பகுதி 2012ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், வீட்டுரிமையாளர் தாமே கட்டுவிக்கும் முறையில் தொடங்கிற்று. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வீடொன்றுக்கு 550,000 ரூபாய், வேலை முன்னேறும் படிகளுக்கேற்பப் பகுதி பகுதியாக வங்கிக் கணக்கில் வந்தது. அம்முறையினால் குடும்பத்தலைவியும் வேலை கொடுப்பவரானார். ஊர் மேசனும் கொந்தராத்துக்காரரானார். பணம் படிப்படியாக வரும்போது வேலையையும் படிப்படியாக வகுத்து எழுதுதல் இரு சாராருக்கும் காவல் என்பதை இத்தகைய வேலைகளே நன்கு உணர்த்துகின்றன.

உடன்படிக்கையில் எழுதவேண்டியவை பல அல்ல. இருவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, வேலையின் அளவு, பொருள் வாங்கித் தருபவர் யார் என்பது, மொத்தத் தொகை, முற்பணம், அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு படிக்கும் உரிய தொகை, முடிக்கும் நாள், இடையில் வேலை கூடினால் விலை எவ்வாறு கூடும் என்பது, குறை காணப்பட்டால் எத்தனை மாதத்துள் திருத்தித் தருவது என்பது. இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழியாகவும் நீதிமன்ற மொழியாகவும் உள்ளது. ஆகவே தெளிந்த தமிழில் எழுதி இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்தலே சாலும்.

வரி

இனி வரியை நோக்குவாம். ஊழியருக்குச் சம்பளத்தில் வரி கழிப்பது முதலாளியின் கடன். தனித்தொழிலாளர் தம் கணக்கைத் தாமே காட்டல்வேண்டும். இப்போது நடைமுறையிலுள்ளது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். வரியாண்டு ஏப்பிரில் முதலாந் திகதி தொடங்கி மார்ச்சு 31இல் முடியும். 2025ஆம் ஆண்டு ஏப்பிரிலிலிருந்து தனியாளொருவருக்குரிய ஆண்டு விடுதொகை 18 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரி விதிக்கப்படுவது கைக்கு வந்த பணம் முழுவதற்கும் அன்று. செலவு போக எஞ்சிய இலாபத்திற்கே என்பதை மறத்தலாகாது. உதவியாள் கூலி, கலவை இயந்திர வாடகை, பொருள் ஏற்றிய வண்டிக்கூலி ஆகியவை கழிக்கத்தக்க செலவுகள். ஆனாற் பற்றுச்சீட்டு இல்லாத செலவை மெய்ப்பித்தல் கடினம்.

மற்றுமொன்று. 2023ஆம் ஆண்டு தொடக்கம், ஊழியரல்லாத தனியாட்களுக்கு, சட்டத்திற் குறித்த சேவைகளுக்காக, மாதம் ஓரிலட்சம் ரூபாய்க்கு மேற்படச் செலுத்தும் நிறுவனங்கள் நூற்றுக்கு 5 பங்கைப் பிடித்துவைக்கும் விதி வந்தது. இது முடிந்த வரி அன்று. முன்னதாகக் கட்டிய வரி. கழித்ததற்குரிய சான்றிதழைக் கேட்டு வாங்கினால், ஆண்டு முடிவில் வரும் வரியில் அது கழியும்; வரியே இல்லையாயின் மீளக் கேட்கலாம். சான்றிதழைக் கேளாதார் தம் பணத்தைக் கேளாதாரே.

தொழிலாளியே முதலாளியாதல்

கொந்தராத்துக்காரர் தமக்கு உதவியாக ஒருவரை நிலையாக வைத்த அன்றே அவரும் முதலாளியாகின்றார். முன்னே கூறிய சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியமும் அப்போது அவர் கடமையாகும். சாரத்திலிருந்து உதவியாள் விழுந்து காயப்பட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அவரை நோக்கியே வரும். தமக்கு நீதி வேண்டுபவர் தம்கீழ் உழைப்பவருக்கும் அந்நீதியை அளத்தல் முறை.

பிணக்கு நேரின் எடுத்த எடுப்பில் நீதிமன்றம் ஏறவேண்டுவதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் செலவின்றி இருவரையும் இருத்திப் பேசித் தீர்க்க முயலும். சட்டம் குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் அங்குச் செல்லல் வேண்டும். ஆங்கும் கையில் ஓர் எழுத்து உள்ளவர் சொல்லே ஏறும்.

விண்ணப்பமும் கடிதமும் எழுத வகுப்பிற் பயிற்றுகின்றோம். அவற்றோடு ஓர் உடன்படிக்கையும் ஒரு பற்றுச்சீட்டும் பிழையற எழுதப் பயிற்றுதல் நமக்குத் தகும். மாணவர்காள்! ஒருவரிடம் எழுத்துக் கேட்பது அவரை ஐயுறுவதாகாது. நாளை இருவரும் முகம் பார்த்துப் பேசுவதற்கு இன்றே வழி செய்தலாகும். பழைய மாணவராகிய பெரியோர்காள்! நும் வீட்டு வேலைக்கு வரும் இளைஞர் கேளாமுன்னரே, நீவிரே தாளை எடுத்து வைப்பீராக. நல்லுறவு நல்லெழுத்தினால் வளரும்.