மனசாட்சிக்கு ஆகும் செலவு

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு,

மாநில அணிக்கான தேர்வை ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்திருக்கிறார்கள், ஆராதனையை விட்டுவிட்டு ஓடலாமா என்று கேட்டிருக்கிறாய். விளையாட்டே உலகப்பிரகாரமான காரியம் என்று சபை மூப்பர் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறாய். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

கொரிந்து சபைக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலர் உவமைக்கு எடுத்துக்கொண்டது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. கூடைப்பந்து 1891இலும் வாலிபால் 1895இலும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.க்குள்தான் பிறந்தன. நான் படித்த சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி பக், 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர். மூப்பரிடம் இதையெல்லாம் மரியாதையாகச் சொல். அதோடு விட்டுவிடு, வாதாடாதே.

உன் முதல் கேள்விதான் கஷ்டம். அதே பாரிஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு ஓட்ட வீரர் எரிக் லிடெலும் அதற்குத்தான் பதில் தேட வேண்டியிருந்தது. சீனாவில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரிகளின் மகன் அவர். 100 மீட்டரில் பிரிட்டனின் பெரிய நம்பிக்கை. தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மாட்டேன் என்றார். கப்பல் ஏறும்போதுதான் அவருக்குச் சேதி தெரிந்ததுபோல 1981இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படம் காட்டும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அட்டவணை தெரியும். அப்போதே சொல்லிவிட்டு 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். இரண்டு ரிலே ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்தார். 100 மீட்டர் தங்கம் அவருடைய அணியைச் சேர்ந்த ஹரால்ட் ஆபிரகாம்ஸுக்குப் போனது. லிடெல் 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்.

ஓய்வுநாளைக் காத்தார், கர்த்தர் தங்கம் கொடுத்தார் என்று இதைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. 400 மீட்டரில் அவர் தோற்றிருந்தால் அந்த முடிவு தப்பாகியிருக்குமா? அவர் எடுத்த முடிவின் செலவை அவரே கட்டினார், அதுவும் முன்கூட்டியே. நான் மதிப்பது அதைத்தான்.

கதையின் அடுத்த பகுதியை நம் பிரசங்கங்களில் அதிகம் சொல்வதில்லை. 1925இல் சீனாவுக்கே மிஷனரியாகத் திரும்பிப் போனவர், போர்க்காலத்தில் 1943இல் ஜப்பானியரின் வெய்சியன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு பையன்கள் தாங்களாகவே ஹாக்கி ஆடப்போய், நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அதற்குப் பிறகு லிடெல் ஞாயிற்றுக்கிழமையிலும் விசிலோடு மைதானத்துக்கு வந்தார். தங்கப் பதக்கத்துக்காகத் தளர்த்தாத விதியைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945 பிப்ரவரியில் மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார்.

என் கருத்தைக் கேட்டால், நீ ஓடலாம். விடியற்கால ஆராதனைக்குப் போய்விட்டு மைதானத்துக்குப் போ. ஆனால் உன் மனசாட்சி வேண்டாம் என்றால் என் பேச்சை மீறு. நான் வருத்தப்பட மாட்டேன். ஒன்றை மட்டும் கவனி. நீ ரிலேயிலும் இருக்கிறாய். அன்று காலையில் ‘வர மாட்டேன்’ என்றால் மற்ற மூன்று பெண்களின் ஒரு வருட உழைப்பு போய்விடும். அவர்கள் வீட்டுச் சோற்றுப்பானையில் கைவைத்து நீ உபவாசம் இருக்க முடியாது. இன்றே சொன்னால் இன்னொருத்தியைத் தயார்செய்ய கோச்சுக்கு நேரம் இருக்கும்.

ஜெபத்தைப் பற்றியும் கேட்டாய். ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிப்பதை நான் தடுக்க மாட்டேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது வேறென்ன வாயில் வரும்? ஆனால் பக்கத்து லேனில் நிற்பவளின் அம்மாவும் அந்நேரம் மாரியம்மன் கோயிலிலோ தர்காவிலோ மகளுக்காக வேண்டிக்கொண்டிருப்பாள். அவளைப் படைத்தவரும் நம்முடையவர்தான் என்றால், அவள் கால் தடுக்கி விழுவதில் நமக்கு ஆசீர்வாதம் எதுவும் இல்லை. பயிற்சியில் செய்ததைப் பதறாமல் செய்யவும், ஓடுகிற எல்லாரும் அடிபடாமல் திரும்பவும் கேள்.

தொடைத்தசை பிடித்துக்கொண்டால் எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று தேடாதே, பிசியோதெரபிஸ்ட்டிடம் போ. ஜெயித்தால் சாட்சி சொல்ல மேடைக்குக் கூப்பிடுவார்கள். நாலாவதாக வந்தவளை யாரும் கூப்பிடுவதில்லை. அவள் விசுவாசம் உன்னுடையதைவிடக் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை. மைக் உன் கைக்கு வரும்போது இதை நினைத்துக்கொண்டு பேசு.

இந்த வாரத்துக்குள் முடிவெடு. எடுத்ததும் முதலில் கோச்சிடம் சொல், அடுத்து அந்த மூன்று பெண்களிடம் சொல். மூப்பருக்குக் கடைசியாகத் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
உன் பழைய பி.இ.டி. சார்