குரலைச் செப்பனிடும் வடிப்பான்

நுழையும்முன்

மனிதக் குரல் கைப்பேசிக்குள் புகுந்தவுடன் எண்களாகிறது; மறுமுனையில் அவ்வெண்கள் மீண்டும் குரலாகின்றன. இப்பயணத்தில் குரலின் நுண்கூறுகள் சில இழக்கப்படுகின்றன. இரைச்சலும் வந்து சேர்ந்துகொள்கிறது. வந்த இரைச்சலை முழுவதும் களைய முடியாதபோது, அது செவிக்குப் புலப்படாதவாறு செய்யும் அறிவியல் நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

தொலைபேசியில் உரையாடுவோருக்கு முகக்குறிப்பும் கையசைவும் துணைக்கு வாரா. பொருள் முழுவதையும் குரல் ஒன்றே சுமக்கிறது. அவசர ஊர்தியை அழைப்பவர் கூறும் ஊர்ப்பெயரும், மருத்துவர் கூறும் மருந்தின் அளவும் ஓர் எழுத்தும் திரியாமல் சென்று சேர வேண்டும். ஆகவே, குரலைத் தெளிவுடன் கொண்டுசேர்ப்பது தொலைத்தொடர்பின் முதற்கடமையாகிறது.

எண்களாகும் குரல்

ஒலி என்பது காற்றில் எழும் அழுத்த அலை. ஒலிவாங்கி அதனை மின்சைகையாக மாற்றுகிறது. அச்சைகையைச் சீரான கால இடைவெளியில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்தலே இலக்கமுறையின் அடிப்படை. ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், பாரிசில் பணியாற்றிய காலத்தில், 1937ஆம் ஆண்டு இம்முறையைத் தொலைபேசிக்கென வகுத்தார்.

வழக்கமான தொலைபேசி, 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கடத்துகிறது. அதற்கு நொடிக்கு 8000 மாதிரிகளை எடுத்தால் போதும். மாதிரி ஒன்றுக்கு 8 பிட்டுகள் எனின், ஒரு நொடிப் பேச்சுக்கு 64,000 பிட்டுகள் தேவைப்படும். கம்பிவழித் தொடர்பில் இவ்வளவு பிட்டுகளை அனுப்புவது பெருஞ்சுமையன்று. கம்பியில்லாத் தொடர்பிலோ குறுகிய அலைவரிசையைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. எனவே, பேச்சைச் சுருக்கி அனுப்பும் வழியை அறிவியலாளர் தேடினர்.

குரலின் பிறப்பும் சுருக்கமும்

குரல் பிறக்கும் முறையே அவர்களுக்கு வழி காட்டியது. உந்தியிலிருந்து எழும் காற்று, தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகிறது எனத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. இன்றைய பேச்சொலியியலும் குரலை இரு கூறுகளாகப் பகுத்துக் காண்கிறது. நுரையீரலிலிருந்து எழும் காற்றும் குரல்நாண்களின் அதிர்வும் ஒலியின் மூலம்; வாயும் மூக்கும் அம்மூலத்தை வடிவமைக்கும் குழல். நாவும் இதழும் அசையுந்தோறும் குழலின் வடிவம் மாறுகிறது. அதற்கேற்பச் சில அதிர்வெண்கள் வலுப்பெற்று ஓங்குகின்றன. இவற்றை ஒத்ததிர்வு முகடுகள் என்பர். ஓர் உயிரொலியை மற்றோர் உயிரொலியிலிருந்து பிரித்தறிய இம்முகடுகளே பெரிதும் உதவுகின்றன.

குழலின் வடிவம் நொடிப்பொழுதில் பெரிதும் மாறிவிடுவதில்லை. ஆதலால், அடுத்த மாதிரி எவ்வளவாக இருக்கும் என்பதை முந்தைய மாதிரிகளைக் கொண்டே ஓரளவு முன்கணிக்க இயலும். முன்கணிக்கும் குணகங்களையும், கணிப்பில் அடங்காத எஞ்சிய பகுதியின் சுருக்கத்தையும் மட்டும் அனுப்பினால், மறுமுனையிலுள்ள குறிவிலக்கி குரலை மீண்டும் உருவாக்கிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அடல், மன்ஃப்ரெட் ஷ்ரோடர் ஆகிய இருவரும் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இத்துறையில் திருப்புமுனையாயிற்று. எஞ்சிய பகுதிக்கு நிகரான வடிவங்களைக் குறியேடு ஒன்றில் திரட்டி வைத்து, பொருத்தமானதைத் தேடி, அதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்புவது அம்முறை.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட ஜி.729 என்னும் தரநிலை இவ்வழியில் வந்ததாகும். இது பேச்சை 10 மில்லிநொடிச் சட்டகங்களாகப் பகுக்கிறது. சட்டகம் ஒன்றில் 80 மாதிரிகள் உள்ளன. அவற்றை உணர்த்த அனுப்பப்படுவனவும் 80 பிட்டுகளே. மாதிரி ஒன்றுக்கு 8 பிட்டுகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு பிட்டுதான் எஞ்சுகிறது.

இரைச்சல் தேங்கும் இடம்

இவ்வளவு சுருக்கிய பின் மூலக்குரலும் மீண்டும் உருவான குரலும் முற்றும் ஒத்திருத்தல் இயலாது. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடே இரைச்சலாகக் கேட்கிறது. கரகரப்பாகவும் முரட்டுத்தன்மையாகவும் செவி அதனை உணர்கிறது.

எனினும், எல்லா இரைச்சலும் செவியை ஒரே அளவில் உறுத்துவதில்லை. திருவிழாவில் மேளம் முழங்கும்போது அருகிலிருப்பவரின் மெல்லிய பேச்சு நம் செவியில் விழுவதில்லை. வலிய ஒலி, தன் அதிர்வெண்ணை ஒட்டிய மெலிய ஒலியை மறைத்துவிடுகிறது. இப்பண்பை ஒலிமறைப்பு என்பர். குரலின் முகடுகளுக்கு அடியிலுள்ள இரைச்சலை அம்முகடுகளே மறைத்துவிடுகின்றன. முகடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் குரல் மெலிந்திருப்பதால், அங்குத் தேங்கும் இரைச்சல் வெளிப்படையாகக் கேட்கிறது. ஆகவே, இரைச்சலைத் தணிக்க வேண்டிய இடம் பள்ளங்களே என்பது தெளிவாகிறது.

வடிப்பானின் பணி

குறிவிலக்கி குரலை உருவாக்கிய பின், அது செவியைச் சேருமுன் இறுதியாக ஒரு வடிப்பானைக் கடந்து செல்கிறது. இதனைப் பின்வடிப்பான் என்று கூறலாம். ராமமூர்த்தி, ஜெயந்த் ஆகிய இருவரும் 1984ஆம் ஆண்டு பேச்சுக் குறியாக்கத்தில் இதன் பயனை எடுத்துக்காட்டினர். ஜுயின்-ஹுவே சென், ஆலன் கெர்ஷோ ஆகியோர் 1987ஆம் ஆண்டு முதல் இதனை மேலும் செம்மைப்படுத்தினர்.

இவ்வடிப்பான் குரலின் முகடுகளை இடம்பெயர்ப்பதில்லை. பள்ளங்களை மேலும் ஆழமாக்குகிறது. அங்குத் தேங்கிய இரைச்சலும் உடன் தாழ்கிறது. பள்ளங்களிலுள்ள மெல்லிய குரற்பகுதியும் சற்றே குறையத்தான் செய்கிறது. ஆனால், முகடுகளில் ஏற்படும் மாற்றத்தை எளிதில் உணரும் செவி, பள்ளங்களின் ஆழத்தில் ஏற்படும் மாற்றத்தை அவ்வளவாக உணர்வதில்லை. அந்த இயல்பே இம்முறையை இயலச் செய்கிறது.

முகடுகள் எங்கே உள்ளன என்பதை வடிப்பான் எவ்வாறு அறிகிறது? குரலை உருவாக்க அனுப்பப்பட்ட முன்கணிப்புக் குணகங்களிலேயே அச்செய்தி அடங்கியுள்ளது. எனவே, கூடுதலாக ஒரு பிட்டும் அனுப்பத் தேவையில்லை. பேச்சு மாறுந்தோறும் வடிப்பானும் தன்னை மாற்றிக்கொள்கிறது.

ஜி.729 தரநிலையின் பின்வடிப்பானில் நான்கு பகுதிகள் உள்ளன. முதற்பகுதி, குரல்நாண் அதிர்வின் சீரான மீள்வரவை வலுப்படுத்தி, அதன் இடைவெளிகளிலுள்ள இரைச்சலைத் தணிக்கிறது. இரண்டாம் பகுதி, முகடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களை ஆழமாக்குகிறது. இவ்வாறு வடிக்கும்போது உயர் அதிர்வெண்கள் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போன்று குரல் அமுங்கக்கூடும். மூன்றாம் பகுதி அச்சாய்வை நேர்செய்கிறது. நான்காம் பகுதி, வடிப்பதற்கு முன்பிருந்த ஒலியளவையே பின்னரும் நிலைநிறுத்துகிறது.

அளவறிந்து வடித்தல்

இரண்டாம் பகுதியின் வலிமையை 0.55, 0.7 ஆகிய இரண்டு எண்கள் உறுதிசெய்கின்றன. இவ்விரண்டும் சமமாக இருப்பின் ஒன்றன் விளைவை மற்றொன்று நீக்கிவிடும், வடித்தல் நிகழாது. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு வளர வளர வடித்தல் கடுமையாகும். மிகக் குறைவாக வடித்தால் கரகரப்பு நீங்காது. மிகையாக வடித்தால் இரைச்சலோடு குரலின் இயல்பும் மறையும். பேசுபவர் யார் என்பதைக் காட்டும் நுண்ணிய சாயலும் அப்போது மங்கிவிடும். ஒரே அழைப்பு பல குறியாக்கிகளையும் குறிவிலக்கிகளையும் அடுத்தடுத்துக் கடக்குமானால், ஒவ்வொரு வடிப்பானும் தன் பங்கிற்குக் குரலை மாற்ற, இறுதியில் சிதைவு பெருகும். எனவே, பொருத்தமான அளவைத் தேர்தல் பொறியாளரின் பொறுப்பாகிறது.

அத்தேர்வைக் கணக்கீடு மட்டும் செய்துவிட முடியாது. வடிக்கப்பட்ட குரலை மூலக்குரலோடு மாதிரிக்கு மாதிரி ஒப்பிட்டால், வேறுபாடு கூடியிருப்பதாகவும் கணக்குக் காட்டலாம். கேட்பவரோ தெளிவு கூடியதாகக் கூறுவர். இதனால், பலரையும் கேட்கச் செய்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச்செய்து, அதன் சராசரியைக் காணும் முறை பின்பற்றப்படுகிறது. இங்கு இறுதித் தீர்ப்பை மனிதச் செவியே வழங்குகிறது.

ஓர் எழுத்தின் அருமை

‘வலி எங்கே?’, ‘வழி எங்கே?’ என்னும் இரு வினாக்களும் அவசர அழைப்பில் எழக்கூடியவை. ஒன்று நோயைப் பற்றியது. மற்றொன்று சேர வேண்டிய இடத்தைப் பற்றியது. ஓரொலியே இரண்டையும் வேறுபடுத்துகிறது. லகரத்தோடு ஒப்பிட, ழகரம் ஒலிக்கும்போது மூன்றாம் ஒத்ததிர்வு முகடு கீழ்நோக்கி இறங்குகிறது. அம்முகடு தன்னிடத்தில் தெளிவாக நின்றால்தான் கேட்பவர் ழகரத்தை ழகரமாக உணர்வார். முகடுகளைப் பெயர்க்காமல் சூழ்ந்துள்ள இரைச்சலை மட்டும் தாழ்த்தும் வடிப்பானின் பயன் இங்கு நன்கு விளங்கும்.

இழந்ததை மீட்டுத் தரும் ஆற்றல் வடிப்பானுக்கு இல்லை. வழியில் தொலைந்த சட்டகங்களையும், அனுப்பாமல் விடப்பட்ட அதிர்வெண்களையும் அது உருவாக்கித் தராது. வந்து சேர்ந்ததைச் செவியின் இயல்பறிந்து செப்பனிடுவதே அதன் எல்லை. அவ்வெல்லைக்குள் நின்று, நொடிக்கு 8000 பிட்டுகளே உள்ள குரலையும் பொருள் விளங்கும் குரலாக அது நம்மிடம் சேர்க்கிறது.

தெரியுமா?

பிஷ்ணு அடல் 1933ஆம் ஆண்டு கான்பூரில் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர். 1961ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் இணைந்தவர். 1985இல் வெளியான குறியேட்டு முறையில் ஒரு நொடிப் பேச்சைச் சுருக்குவதற்கு, அன்றைய ‘கிரே-1’ மீத்திறன் கணினிக்கு நூறு நொடிகளுக்கும் மேல் தேவைப்பட்டது. இன்று அவ்வழிவந்த முறைகளைக் கைப்பேசி உரையாடலின்போதே செய்துமுடிக்கிறது.

கலைச்சொல் அறிவோம்

குறியாக்கி – என்கோடர்
குறிவிலக்கி – டீகோடர்
பின்வடிப்பான் – போஸ்ட்ஃபில்டர்
ஒலிமறைப்பு – மாஸ்கிங்
சட்டகம் – ஃபிரேம்

கற்பவை கற்றபின்…

1. லகர, ளகர, ழகர வேறுபாட்டால் பொருள் மாறும் சொற்கள் பத்தினைத் தொகுத்து, நண்பர் ஒருவரிடம் கைப்பேசியில் கூறுக. அவர் கேட்டு எழுதியவற்றை ஒப்பிட்டு, பிழை நேர்ந்த சொற்களைப் பட்டியலிடுக.
2. ‘குரலின் தரத்தை அளவிடக் கருவி போதுமா, செவி வேண்டுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா: பின்வடிப்பானுக்குக் கூடுதல் பிட்டுகள் ஏன் தேவைப்படுவதில்லை?
சிறுவினா: மிகையாக வடித்தலால் விளையும் குறைகளை எழுதுக.
நெடுவினா: இரைச்சலை நீக்குவதற்கும் மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.