ஒயர் மேல் ஒரு எழுத்து, உள்ளே வேறு செம்பு



இம்மாதம் காய்ச்சலைப் பற்றியோ சர்க்கரை வியாதியைப் பற்றியோ எழுதப் போவதில்லை. நம் வீட்டுச் சுவரில் ஓடும் கரண்டு ஒயரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். "சுகாதாரப் பகுதியில் ஒயருக்கு என்னா வேலை?" என்று கேட்பீர்கள். கரண்டு அடித்தால் நின்று போவது நெஞ்சுத் துடிப்பு. ஒயர் எரிந்தால் தூங்குகிற பிள்ளையின் மூச்சில் ஏறுவது புகை. ஆகவே இதுவும் உடம்பைப் பற்றிய பாடம்தான்.

லயத்து வீட்டுக்குப் பின்னால் குசினியை நீட்டிக் கட்டுகிறோம். ரைஸ் குக்கர், கெட்டில், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் அங்கே வருகின்றன. புதிதாக ஒரு பிளக் வேண்டியிருக்கிறது. கடையிலோ கைத்தொலைபேசி வழியாகவோ மலிவாக ஒரு சுருள் ஒயர் கிடைக்கிறது. மேலே 2.5 என்று அச்சடித்திருக்கிறது. "அதே சாமான்தான், விலைதான் கம்மி" என்கிறார் விற்பவர். மாட்டினால் மெஷினும் ஓடுது, விளக்கும் எரியுது. பிறகு என்ன குறை?

குறை உள்ளே இருக்கிறது.

எழுத்து பொய்யானால்...

2.5 என்பது உள்ளே இருக்க வேண்டிய செம்பின் அளவு. அதாவது, கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். வழக்கமாக விளக்குகளுக்கு 1.5, 13 ஆம்பியர் பிளக்குக்கு 2.5 போடுவார்கள். போலி ஒயரில் மேலுறை தடிப்பாக இருக்கும், செம்பு மெலிந்திருக்கும். வேறு சிலவற்றில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். அலுமினியம் கரண்டைக் கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். திருகி மாட்டிய இடத்தில் அது நாளடைவில் தளர்ந்து சூடாகும்.

கணக்கைப் பாருங்கள். 2,000 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ரைஸ் குக்கர் 3, இஸ்திரிப் பெட்டி 4. காலை நேர அவசரத்தில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் 16 ஆம்பியர். கரண்டு இரண்டு மடங்கானால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும். நல்ல செம்பு அதைத் தாங்கும். மெலிந்த கம்பி சுவருக்குள் வேகும்.

"கரண்டு அதிகமானால் மெயின் பெட்டியில் சுவிட்சு விழுந்துவிடுமே?" என்று நினைக்காதீர்கள். 2.5 செம்பு என்று நம்பித்தான் வயர்மேன் அங்கே 20 ஆம்பியர் சுவிட்சு போடுகிறார். 20-ஐத் தாண்டினால்தான் அது விழும். 16-இலேயே ஒயர் வெந்து போனாலும் அது சும்மா இருக்கும். பொய் எழுத்து நம்மை மட்டும் ஏமாற்றவில்லை. நம்மைக் காக்க வேண்டிய சுவிட்சையும் ஏமாற்றிவிட்டது.

இது நமக்கு மட்டும் வந்த வினையல்ல. ஆஸ்திரேலியாவில் 2010 முதல் 2013 வரை விற்ற இன்ஃபினிட்டி என்னும் ஒயரின் மேலுறை சீக்கிரமே நொறுங்கிவிடும் என்று கண்டறிந்து, 2014-இல் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் போன ஒயரைத் தேடி எடுப்பது எவ்வளவு பாடு!

நிறமும் ஒரு எழுத்துதான்

சுவர் ஒயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். சாமான்களோடு வரும் ஒயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆனால் மூன்று பேஸ் கரண்டு வரும் இடத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ். "நீலந்தானே, ஒன்னும் செய்யாது" என்று தொட்டால் உயிருக்கே ஆபத்து.

மிச்சம் கிடந்த பச்சை ஒயரை யாரோ லைவுக்குப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருகிறவர் அதை எர்த் என்று எண்ணி மெஷினில் இணைப்பார். மெஷினின் தகரம் முழுவதும் கரண்டு. ஈரக் கையோடு தொடுவது வீட்டுப் பெண்கள்.

வாங்கும்போது கவனியுங்கள்

1. உறையின் மேல் தயாரித்தவர் பெயர், அளவு, வோல்ட் அளவு எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். சிரிம் முத்திரை இல்லாததை வாங்க வேண்டாம்.

2. தூக்கிப் பாருங்கள். 100 மீட்டர் 2.5 ஒயரில் செம்பு மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். முழுச் சுருளே அதற்குக் குறைந்தால் அது போலி.

3. சுருளின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு அல்ல. காந்தம் ஒட்டினால் இரும்பு.

4. பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே வேலை செய்யுங்கள். ஈ.எல்.சி.பி. சுவிட்சின் சோதனைப் பித்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அது பழுது.

பிளக் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, மெஷினைத் தொடும்போது கூச்சம் எடுத்தாலோ மெயினை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். லயத்து வீடு தோட்டத்தாருடையது என்றால், 1990-ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டப்படி போதிய மின்சாரம் கொடுப்பதும் கட்டடத்தை நல்ல நிலையில் வைப்பதும் முதலாளியின் கடமை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். வாய்ச் சொல் காற்றோடு போய்விடும்.

கரண்டு அடித்துவிட்டால்

பதறி ஆளைத் தொடாதீர்கள், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயினை அடையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். 999-க்கு அடியுங்கள். மூச்சில்லாவிட்டால் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்துங்கள். உதவி வரும்வரை விடாதீர்கள். வெந்த இடத்தில் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். கிச்சாப், பற்பசை எதுவும் பூசக் கூடாது. எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டத்தான் வேண்டும். நெஞ்சுத் துடிப்பு பிறகும் தடுமாறலாம்.

வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு. ஒரு சுருள் ஒயரில் சில வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய், அந்தக் காசில் சேர்த்த வீட்டையும் உயிரையும் பணயம் வைக்கலாமா? இன்று இரவு படுக்கப் போகுமுன் உங்கள் குசினி பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். படித்ததைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த தீ, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு வராது.