எந்த ஹெட்போன் நல்லது?

நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைக் கேட்கும் என்று ஒலி பாடத்தில் படிச்சோம். நாலு பேர் நாலு ஹெட்போன் கொண்டுவந்தால் எது நல்லது என்று எப்படிச் சொல்வது? இதோ வழி:

1. ஒரே செல்போன், ஒரே பாட்டு.

2. எல்லாவற்றிலும் சத்தம் ஒரே அளவு. இதுதான் ரொம்ப முக்கியம்! சத்தம் குறைந்தால் மேளத்தின் 'தொம்' ஒலி காதுக்குச் சரியாக எட்டாது. 1933-இல் பிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க அறிஞர்கள் இதை அளந்து காட்டினார்கள். அதனால் சத்தம் கூடுதலாக வைத்ததே 'சூப்பர்' என்று தோணும். ஏமாறக் கூடாது.

3. கேட்பவர் கண்ணைக் கட்டணும். விலையும் பெயரும் தெரிஞ்சா மனசு அந்தப் பக்கம் சாயும்.

இன்னொரு விஷயம். படகு இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டால் சத்தத்தை ஏத்திக்கிட்டே போவோம். காதை நன்றாக மூடும் ஹெட்போன் வெளிச்சத்தத்தைக் குறைக்கும். கொஞ்சம் சத்தமே போதும்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான்! உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அழிந்தால் மறுபடி முளைக்காது.

ஆகவே, குறைந்த சத்தத்திலும் தெளிவாகக் கேட்பதே நல்ல ஹெட்போன். புதுசு வாங்கலாம், காதை வாங்க முடியுமா?

செவியைக் காப்போம்!