பாம்பின் வயிற்றில் ஒரு குறிப்பு

ஒருவர் அறிந்ததை அடுத்தவருக்கு எப்படி விட்டுச்செல்வது? மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுத்தபின், பாம்பைக் காட்டில் விடுமுன் அதன் வயிற்றுச் செதிலில் அடையாளமிடுகிறார்கள். மீண்டும் யார் கையில் அகப்பட்டாலும் விஷயம் தெரிந்துவிடும். இதற்கென்று தனி நேரமோ கூட்டமோ வேண்டியதில்லை!

மருத்துவமனை வார்டிலும் இதுவே தேவை. கண்ணாடிவிரியன் கடிக்கு மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து, இரத்தம் உறைகிறதா என்று மறுபடி பார்க்கவேண்டும். அதற்குள் டியூட்டி மாறிவிடலாம். சீட்டில் நேரம் இல்லாவிட்டால், அடுத்து வரும் சிஸ்டர் எதை வைத்துக் கணக்கிடுவார்? ஆகவே மருந்து ஏற்றுகிறவரே, அந்த இடத்தை விட்டு நகருமுன் நேரத்தை எழுதிவிடவேண்டும் என்கிறோம்.