பந்து நம்மிடம், கோல் அவர்களிடம்

கேள்வி: ஃபுட்பால் மேனேஜர் கேமில் என் அணியிடம் 65 சதவீத நேரம் பந்து இருக்கிறது. ஆனாலும் 0-1 என்று தோற்கிறேனே, ஏன்?

பதில்: 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயின் ஆயிரம் பாஸுக்கு மேல் போட்டும் ரஷ்யாவிடம் பெனால்டியில் தோற்றது, உங்களுக்குத் துணை இருக்கிறது! குட்டை பாஸ், மெதுவான ஆட்டம், பெனால்டி பெட்டிக்குள் போன பிறகே ஷாட் என மூன்றையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். எதிரணி மொத்தமும் பெட்டி வாசலுக்கு வந்து நிற்க அதுவே அவகாசம் தருகிறது. வேகத்தை ஒரு படி ஏற்றுங்கள். ஒரு விங்கரைக் கோட்டோரம் நிறுத்தி, அந்தப் பக்க மிட்ஃபீல்டரை முன்னேறி ஓட விடுங்கள். எல்லோரும் காலடிக்கே பந்து கேட்டால் தடுப்பு கலையாது. பந்து பறிபோன நொடியே நெருக்கும் கட்டளையும் வேண்டும். பயிற்சியாளர் குவார்டியோலாவின் காலத்து பார்சிலோனாவுக்குப் பாதி பலம் அதுவாகத்தான் இருந்தது. ஆள் எடுக்கும்போது பாஸிங் எண்ணோடு நிற்காமல் முதல் தொடுதலையும் நிதானத்தையும் பாருங்கள், முக்கியமாக சென்டர் பேக்குக்கு.