கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே மடவை

சிங்கப்பூரின் வடமேற்கில் சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம் உள்ளது. கடல்நீர் ஏறும் வேளையில் அங்குள்ள மரப்பாலத்தில் நிற்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். கலங்கிய நீருக்கு மேலே வெள்ளி நிற மீன் ஒன்று துள்ளி எழும். மறுநொடியே 'தொப்'பென்று விழுந்து மறையும். அதுதான் மடவை மீன். மலாய் மொழியில் அதனைப் 'பெலானாக்' என்று அழைப்பர்.

மடவைக் குடும்பத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. உருண்டு நீண்ட உடல், சற்றே தட்டையான தலை, சிறிய வாய், ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் இரண்டு முதுகுத் துடுப்புகள் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். மடவைகள் கூட்டமாகத் திரியும். தம்மைத் துரத்தும் பெரிய மீன்களிடமிருந்து தப்புவதற்காக அவை துள்ளுகின்றன. உயிர்வளி குறைந்த நீரில் காற்றைப் பிடித்துக்கொள்வதற்காகவும் அவை துள்ளக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மடவையின் உணவுமுறை வியப்புக்குரியது. அது சேற்றின் மேற்பரப்பை வாயால் அள்ளுகிறது. அந்தச் சேற்றில் நுண்பாசிகளும் மக்கிய இலைத்துகள்களும் கலந்திருக்கும். வேண்டாத மணலில் பெரும்பகுதியைச் செவுள் வழியே வெளியேற்றிவிட்டு, எஞ்சியதை மடவை விழுங்கிவிடும். கோழியின் வயிற்றில் உள்ள தசைப்பை தானியத்தை அரைப்பதைப் போல, மடவையின் தடித்த இரைப்பை இவ்வுணவை அரைக்கிறது. பிறகு, மிக நீண்ட குடலில் அது செரிக்கிறது. இவ்வாறு, சதுப்புநிலக் காட்டு மரங்களிலிருந்து உதிரும் இலைகள் மடவைக்கு உணவாகின்றன. அந்த மடவை நாரைக்கும் நீர்நாய்க்கும் கொடுவா மீனுக்கும் உணவாகிறது.

சேற்றில் உணவு தேடும் மடவை சேற்றில் பிறப்பதில்லை. உலகின் பல கடற்கரைகளில் வாழும் சாம்பல் மடவையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். நன்கு வளர்ந்த மீன்கள் கழிமுகத்தை விட்டுக் கூட்டமாகக் கடலுக்குச் சென்று முட்டையிடுகின்றன. ஒரு பெரிய பெண்மீன் பத்து இலட்சத்துக்கும் அதிகமான முட்டைகளை இடக்கூடும். எண்ணெய்த் துளி கொண்ட அம்முட்டைகள் கடல்நீரில் மிதக்கின்றன. குஞ்சுகள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்ததும் கழிமுகத்தை நாடி வருகின்றன. அங்குள்ள ஆழமற்ற நீரும் அடர்ந்த வேர்களும் பெரிய மீன்களிடமிருந்து அவற்றைக் காக்கின்றன.

கழிமுகத்து நீரின் உப்பளவு அடிக்கடி மாறும். கடல்நீர் ஏறினால் உப்புக் கூடும். மழை பெய்தால் குறையும். மடவை இந்த மாற்றத்தைத் தாங்கவல்லது. கடலில் இருக்கும்போது அது கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்கள் வழியே வெளியேற்றும். நன்னீரிலோ, உடலில் சேரும் மிகுதியான நீரைச் சிறுநீரகங்கள் வெளியேற்ற, செவுள்கள் நீரிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

ஆயினும், உப்பைச் சமாளிக்கும் மடவையால் அடைபட்ட வழியைக் கடக்க முடியாது. சுங்கை பூலோவுக்கு அருகில் உள்ள கிராஞ்சி ஆற்றின் கழிமுகம் அணையால் மூடப்பட்டு, 1975-இல் நீர்த்தேக்கம் ஆனது. சிறிய தீவு நாடான சிங்கப்பூருக்குக் குடிநீர் இன்றியமையாதது. ஆனால், அந்த நன்மைக்காகக் கடலும் ஆறும் கலக்கும் ஓர் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே, எஞ்சியுள்ள கழிமுகங்களின் மதிப்புக் கூடியுள்ளது.

சுங்கை பூலோவில் முன்பு இறால் குளங்கள் இருந்தன. அங்கு வந்து தங்கும் பறவைகளைக் கண்ட இயற்கை ஆர்வலர்கள், அவ்விடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று 1986-இல் கோரிக்கை விடுத்தனர். 1993-இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002-இல் ஈரநிலக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காகக் காக்கப்பட்ட அந்த இடத்தில் மடவைகளும் பிழைத்துக்கொண்டன.

கடலை மட்டும் காப்பது மடவைக்குப் போதாது; சதுப்புநிலக் காட்டை மட்டும் காப்பதும் போதாது. இரண்டையும் இணைக்கும் நீர்வழியும் திறந்திருக்க வேண்டும்.